உதடு எடுப்பாகுமா? லிப் பிளம்ப்பருக்குப் பின்னாடி இருக்கிற சயின்ஸ்



இன்ஸ்டாவில் ரீல்ஸ் தள்ளும்போது இந்த விளம்பரம் உங்க கண்ணிலும் பட்டிருக்கும். இடது பக்கம் மெல்லிசான உதடு, வலது பக்கம் தடிச்சுப் பளபளன்னு ஒரு உதடு. நடுவில் "ஊசி வேண்டாம், கத்தி வேண்டாம், அஞ்சே நிமிஷம்" என்று ஒரு வரி. ஃபேர்வெல், கான்வகேஷன், அக்கா கல்யாணம் என்று ஏதாவது பக்கத்தில் வந்தால் கை தானாகக் கார்ட்டுக்குப் போகும்.

நம்ம நாட்டில் 2014 பிப்ரவரியில் இந்தப் பேச்சு ரொம்பவே அடிபட்டது. ஒரு டிவி நிகழ்ச்சியில் நடிகை அனுஷ்கா ஷர்மாவின் உதட்டைப் பார்த்துவிட்டு சோஷியல் மீடியா முழுக்கக் கேலி. கத்தி எதுவும் வைக்கவில்லை, தற்காலிகமாக உதட்டை எடுப்பாக்கும் ஒரு கருவியும் மேக்கப் உத்திகளும்தான் காரணம் என்று அவரே விளக்கம் கொடுத்தார். அப்போது அவர் 'பாம்பே வெல்வெட்' படத்தில் ஜாஸ் பாடகியாக நடித்துக்கொண்டிருந்தார்.

"கத்தி இல்லை" என்ற ஒரே வார்த்தைக்குள் கிளாஸும் இருக்கு, உறிஞ்சும் கப்பும் இருக்கு, ஊசியும் இருக்கு. மூணும் ஒண்ணு இல்லை. எதை எப்படிப் பிரிச்சுப் பார்ப்பது?

நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க. டேங்கில் தண்ணி மட்டம் ஏறினால் எந்தப் பைப் வழியா வந்துச்சுன்னுதான் முதல்ல கேட்போம். உதட்டுக்கும் அதே கேள்வி: கூடின வால்யூம் எங்கிருந்து வந்தது? இதற்குப் பதில் தெரிஞ்சா, அது எவ்வளவு நேரம் நிற்கும், என்ன ஆபத்து என்ற ரெண்டும் பாதி தெரிஞ்ச மாதிரி.

உதடு ஏன் இவ்வளவு சென்சிடிவ்?

உதட்டின் சிவந்த பகுதியில் தோலின் மேலடுக்கு முகத்தின் மற்ற இடங்களைவிட ரொம்ப மெல்லிசு. அடியில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் நெருக்கமா ஓடுது. நரம்பு முனைகளும் அதிகம். வியர்வைச் சுரப்பி கிடையாது. அதனால்தான் சீக்கிரம் காயுது, சீக்கிரம் வெடிக்குது, எதைத் தடவினாலும் உடனே ரியாக்ட் பண்ணுது. பிளம்ப்பர் வேலை செய்வதும் இந்தப் பலவீனத்தை வைத்துத்தான்.

காரம் வைக்கிற கிளாஸ்

ரோட்டுக்கடை மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டதும் உதடு எரிஞ்சு, சிவந்து, லேசா தடிச்ச மாதிரி இருக்கும் இல்லையா? பல பிளம்ப்பர் கிளாஸ்களின் ரகசியம் அவ்வளவுதான். மிளகாயில் இருக்கும் கேப்சைசின், பட்டையில் இருக்கும் சின்னமால்டிஹைடு, இஞ்சிச் சாறு, மெந்தால், வைட்டமின் பி3 வகையைச் சேர்ந்த நிகோடினேட் என்று ஏதாவது ஒன்றோ இரண்டோ உள்ளே இருக்கும்.

கேப்சைசின் எப்படி வேலை செய்யுது? நம்ம நரம்பில் டி.ஆர்.பி.வி.1 என்று ஒரு சென்சார் இருக்கு. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் அது ஆன் ஆகும். மிளகாயும் அதே ஸ்விட்சைத்தான் தட்டுது. அதனால் சூடே இல்லாமல் "சுடுது" என்று மூளைக்குச் சிக்னல் போகும். 1997இல் இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், 2021இல் ஆர்டெம் படபூடியனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஸ்விட்ச் ஆன் ஆனதும் நரம்பு முனை சில வேதிப்பொருட்களை அங்கேயே விடும். ரத்தக்குழாய் விரியும். நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் வரும் புவாசே சமன்பாடு ஞாபகம் இருக்கா? ஓட்டம், ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதம். ரத்தக்குழாய் துல்லியமான பைப் இல்லைதான். ஆனாலும் கணக்குப் போட்டால், ஆரம் 10 சதவீதம் கூடினாலே அதே அழுத்தத்தில் ஓட்டம் சுமார் 46 சதவீதம் கூடுது. அதான் அந்தச் சிவப்பு. கூடவே குழாய்ச் சுவர் வழியா கொஞ்சம் நீர் வெளியே கசியும். அதான் அந்தத் தடிப்பு.

ஆக, வால்யூம் எங்கிருந்து வந்தது? உங்க ரத்தத்தில் இருந்தும் கசிந்த நீரில் இருந்தும். எரிச்சல் அடங்கினதும் குழாய் சுருங்கும், நீர் வடிந்துவிடும். அரை மணி முதல் சில மணி நேரம்வரைதான் ஆயுள். தினமும் போட்டால் உதடு நிரந்தரமாகப் பெருசாகும் என்பதற்கு இந்தப் பொறிமுறையில் இடமே இல்லை.

மாறாக, தினமும் எரிச்சல் கொடுத்தால் வேறு ஒன்று நடக்கலாம். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அழற்சி ஆறின இடம் கறுத்துப் போவது சகஜம். எடுப்பான உதடு கேட்டு, ஓரம் கறுத்த உதடு வாங்கிடக் கூடாது. பட்டை, பெப்பர்மின்ட் மாதிரியான வாசனைப் பொருட்கள் சிலருக்கு அலர்ஜியும் தரும்.

கடைப் பொருளிலாவது அளவு பார்த்துக் கலந்திருப்பாங்க. மிளகாய்த்தூள், பட்டைத்தூள், டூத்பேஸ்ட் என்று யூடியூப் பார்த்து வீட்டில் தடவுவதில் எந்த அளவும் கிடையாது. அதை முயற்சி பண்ணாதீங்க.

உறிஞ்சுற கப்

அடுத்தது சின்ன பிளாஸ்டிக் கப். உதட்டை உள்ளே வைத்துக் காற்றை உறிஞ்சணும். உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைஞ்சதும், உதட்டுத் திசு அந்தப் பக்கம் இழுபடும். ரத்தமும் நீரும் அங்கே வந்து சேரும். இங்கேயும் வால்யூம் உங்க உடம்பில் இருந்தே வருது. அதனால் இதுவும் சில மணி நேரக் கதைதான்.

சிக்கல் என்னன்னா, எவ்வளவு அழுத்தம் குறையுதுன்னு பார்க்க அதில் கேஜ் கிடையாது. அளவு மீறினால் நுண்குழாய்கள் உடைந்து செந்நீலப் புள்ளிகள், கன்றிப்போன வட்டம், வலி. 2015 ஏப்ரலில் அமெரிக்காவில் கைலி ஜென்னர் மாதிரி உதடு வேணும்னு பசங்க சின்ன கிளாஸ் டம்ளரில் உதட்டை வைத்து உறிஞ்சி, வாயைச் சுற்றி ரத்தம் கட்டி நின்னாங்க. அடுத்த மாசமே கைலி, தன் உதட்டில் இருப்பது ஃபில்லர் என்று ஒப்புக்கொண்டார். டம்ளரால் அந்த ரிசல்ட் வரவே வராது. அது வேற டெக்னாலஜி.

ஹயலூரோனிக் ஆசிட்: தடவுவது வேற, ஊசி வேற

"ஹயலூரோனிக் ஆசிட் உள்ளது" என்று பல லிப் பாம்களில் போட்டிருப்பாங்க. இது நம்ம உடம்பிலேயே இருக்கும் நீளச் சங்கிலி மூலக்கூறு. 1934இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணில் இருந்து இதைப் பிரித்தெடுத்தாங்க. தண்ணியைப் பிடித்து வைப்பதில் கெட்டிக்காரன்.

மேலே தடவும்போது பெரிய மூலக்கூறு ஆழமாக உள்ளே போகாது. மேலடுக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வறண்ட உதட்டில் சுருக்கம் குறையும், மினுமினுப்பு வரும், கொஞ்சம் நிறைவாகத் தெரியும். நல்ல விஷயம்தான், எரிச்சலும் பொதுவாக இல்லை. ஆனால் அது ஈரப்பதம் மட்டுமே. மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் அந்த ஈரம் சீக்கிரம் ஆவியாகாது.

அதே பொருளை ஊசியில் போட்டால் எப்படி மாதக்கணக்கில் நிற்குது? கலசப்பாக்கம், ஆரணி பக்கம் தறியைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இது ஈஸி. பாவு நூலை மட்டும் நீட்டி வைத்தால் ஒரு இழையைச் சுலபமாக உருவிடலாம். குறுக்கே ஊடை ஓடித் துணியாக இறுகிட்டா, உருவுவது கஷ்டம். சாதாரண ஹயலூரோனிக் ஆசிட் தனி நூல் மாதிரி. உடம்பின் நொதிகள் அதை ஓரிரு நாளிலேயே கரைக்கத் தொடங்கிடும். ஃபில்லரில் அந்தச் சங்கிலிகளைக் குறுக்கே இணைத்து ஜெல்லாக மாற்றியிருப்பாங்க. நம்ம பாலிமர் பாடத்தில் வரும் கிராஸ்லிங்க்கிங் இதுதான். அதனால் பொதுவாக ஆறு மாசம் முதல் ஒரு வருஷம்வரை நிற்கும்.

இங்கே மட்டும்தான் வால்யூம் வெளியே இருந்து வருது. கத்தி இல்லாத முறைகளில் நிஜமாகவே உதட்டின் அளவைக் கூட்டுவது இதுதான். அதே காரணத்தால் ஆபத்தும் இங்கேதான் அதிகம். உதட்டுக்குள் ஓடும் ரத்தக்குழாயில் ஜெல் ஏறி அடைத்தால் அந்தத் திசுவே செத்துப்போகலாம். அபூர்வமாகப் பார்வையும் போகலாம். உடனே கண்டுபிடித்து ஹயலூரோனிடேஸ் என்ற நொதியைச் செலுத்திக் கரைக்கணும்.

கரைப்பதும் விளையாட்டு இல்லை. 2025 ஜூலையில் உர்ஃபி ஜாவேத் தன் ஃபில்லரைக் கரைக்கும் வீடியோவை வெளியிட்டார். முகம் எப்படி வீங்கியதுன்னு நாடே பார்த்தது.

இன்னொரு விஷயம், நம்ம வயசுக்காரங்களுக்கு முக்கியம். அமெரிக்க எஃப்.டி.ஏ. ஃபில்லருக்கு ஒப்புதல் தந்திருப்பது 22 வயசும் அதற்கு மேலும் உள்ளவங்களுக்குத்தான். நம்ம காலேஜில் பெரும்பாலானவங்க அந்த வயசையே இன்னும் தொடலை.

"ஊசி இல்லாத" பேனா

விளம்பரத்தில் ரொம்ப நல்லவன் மாதிரி வருவது இதுதான். ஹயலூரான் பேனா. ஊசி கிடையாது, அதிக அழுத்தத்தில் ஜெல்லைத் தோலுக்குள் பீச்சியடிக்கும். ஊசி இல்லை என்பதால் பாதுகாப்பு என்று நினைச்சா ஏமாந்துடுவோம். ஜெல் எந்த ஆழத்தில், எந்தக் குழாய் பக்கத்தில் போய் நிற்குது என்ற கட்டுப்பாடு யார் கையிலும் இல்லை. தோல், உதடு, கண்ணில் நிரந்தரப் பாதிப்புகூட வரலாம், இதைப் பயன்படுத்தாதீங்க என்று 2021 அக்டோபரில் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. ஆன்லைனில் வாங்குவதும் வேண்டாம், பார்லரில் போட்டுக்கொள்வதும் வேண்டாம்.

வால்யூமே இல்லாத வழி

உதட்டு ஓரத்தைவிட ஒரு நூல் வெளியே லைனர் வரைந்து, நடுவில் மட்டும் வெளிர் நிற கிளாஸ் வைத்தால், ஒளி நடுவில் பட்டுத் திரும்பும். கண் அதை மேடாகப் படிக்கும். கூடின வால்யூம் பூஜ்யம், எரிச்சலும் பூஜ்யம். ஃபோட்டோவுக்கு இதுவே தாராளம்.

வாங்கத்தான் போறீங்கன்னா

1. பிளம்ப்பரை முதலில் முன்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பாருங்க. அரிப்பு, தடிப்பு வந்தால் உதட்டுக்கு வேண்டாம்.
2. வெடிப்பு, புண் இருக்கும்போது போடாதீங்க. விசேஷத்தன்று முதல் தடவையாகப் போட்டுப் பார்க்கவும் வேண்டாம்.
3. கொப்புளம் வந்தாலோ மறுநாளும் வீக்கம் வடியாவிட்டாலோ டாக்டரைப் பாருங்க. நாக்கு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ உடனே 108.
4. ஃபில்லர்னா பயிற்சி பெற்ற தோல் மருத்துவர் அல்லது பிளாஸ்டிக் சர்ஜன் மட்டும். என்ன பிராண்ட், பாக்கெட் சீல் உடையாமல் இருக்கா, ஹயலூரோனிடேஸ் கைவசம் இருக்கா என்று கேளுங்க. கேட்டதுக்கு முகம் சுளிச்சா எழுந்து வந்திடுங்க.

உதடு கறுத்துப்போச்சு, எரியுதுன்னு ஏற்கெனவே அவதிப்படுறவங்க வெட்கப்பட்டு மறைக்காதீங்க. கலசப்பாக்கத்தில் இருந்து திருவண்ணாமலை பஸ் ஏறினால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கு. போகும்போது நீங்க தடவின டியூபையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க. அதில் என்ன கலந்திருக்குன்னு டாக்டர் முதலில் பார்க்கணும்.