அப்பா கார்... ஆரஞ்சு கோன்... ஆட்டோகிராஸ்!

செகண்ட் ஷோ விட்டு கூட்டம் கலைஞ்ச பிறகு ஈக்காட்டுத்தாங்கல் நூறடி ரோட்டைப் பார்த்திருக்கீங்களா? தலைக்கு மேல மெட்ரோ பாலம், கீழே காலி ரோடு. சிக்னல்ல ரெண்டு பைக் ‘உர்ர்ர்’னு உறுமிக்கிட்டு நிக்கும். பச்சை விழுந்ததும் கத்திப்பாராவை நோக்கி ஒரே பாய்ச்சல்! ஜெயிச்சவனுக்கு கேன்டீன்ல ரெண்டு நாள் கெத்து. தோத்தவனுக்கு? அதிர்ஷ்டம் இருந்தா மாவுக்கட்டு. இல்லைன்னா, தெருமுனையில கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.

வேகத்து மேல ஆசைப்படுறது தப்பே இல்லை பாஸ். அதை எங்கே வெச்சுக்கிறோம்கிறதுதான் மேட்டர். இதே ஆசைக்கு சட்டப்படி, ஹெல்மெட்டோட, ஆம்புலன்ஸை பக்கத்துல நிறுத்திட்டு ஒரு விளையாட்டு இருக்கு. வீட்டுல நிக்கிற சாதாரண காரே போதும். பேரு, ஆட்டோகிராஸ்!

எதிரி யாரும் இல்லை!

ஒரு பெரிய மைதானம். அதுல கோன்களை நட்டு வளைவு, நெளிவுன்னு ஒரு பாதை போடுவாங்க. ஒவ்வொரு காரா கிளம்பும். ஸ்டார்ட்ல இருந்து ஃபினிஷ் வரைக்கும் எத்தனை வினாடி? அவ்வளவுதான் போட்டி. பக்கத்துல இடிக்க வர்றவன் கிடையாது. முந்துற வேலையும் கிடையாது. எதிரி, கடிகாரம் மட்டும்தான்.

கோனை இடிச்சா காருக்குப் பெருசா ஒண்ணும் ஆகாது. ஆனா, டைம்ல கை வெச்சிடுவாங்க. அமெரிக்காவுல ஸ்போர்ட்ஸ் கார் கிளப் நடத்துற போட்டிகள்ல ஒரு கோனுக்கு 2 வினாடி அபராதம். அரை வினாடியில முதல் இடம் போற ஆட்டத்துல 2 வினாடின்னா யோசிச்சுப் பாருங்க. அங்கே பெரும்பாலும் சிமென்ட் தரை, தார்த் தரையில நடக்கும். நம்ம ஊர்ல ஆட்டோகிராஸ்னா பெரும்பாலும் மண் தரை. புழுதி பறக்கும், கார் வழுக்கும், செம த்ரில்!

‘ஸ்டாக்’ பிரிவுன்னு ஒண்ணு இருக்கும். ஸ்டாக்னா, ஷோரூம்ல இருந்து வந்த மாதிரியே இருக்கிற வண்டி. இன்ஜின்ல கை வைக்கக் கூடாது. சி.சி. வாரியா பிரிப்பாங்க. அதனால, சின்ன இன்ஜின் காரை வெச்சுக்கிட்டு பெரிய வண்டிகளோட மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பெண்களுக்குத் தனிப் பிரிவு வைக்கிறதும் உண்டு. கேர்ள்ஸ், நோட் பண்ணிக்கோங்க!

சோழவரம் டு ஸ்ரீபெரும்புதூர்

‘இதெல்லாம் பணக்கார வெளிநாட்டுக்காரன் விளையாட்டு’னு நினைச்சா, ஸாரி. இந்தியாவோட ரேஸ் சரித்திரத்துல நம்ம சென்னைக்குத் தனி அத்தியாயமே உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல ஆரம்பிச்சது. செங்குன்றம் பக்கம் சோழவரத்துல, இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒண்ணு சும்மா கிடந்தது. அதுலதான் அப்போ ரேஸ். ‘சோழவரம் ரேஸ்’னு உங்க தாத்தாகிட்ட சொல்லிப் பாருங்க, முகத்துல பல்பு எரியும். அப்புறம் பூந்தமல்லி தாண்டி, ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால, இருங்காட்டுக்கோட்டையில கிளப்பே சொந்தமா டிராக் கட்டினது. 1990-ல இருந்து இன்னிக்கு வரைக்கும் அங்கே சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கு.

கோயம்புத்தூர்ல கரிவர்தன்னு ஒருத்தர். மாருதி 800 இன்ஜினை வெச்சே ரேஸ் கார் செஞ்சவர். ‘ஃபார்முலா மாருதி’ன்னு பேரு. அதே கோவையைச் சேர்ந்த, ஆரம்ப நாள்ல ஃபார்முலா மாருதி ஓட்டின நரேன் கார்த்திகேயன்தான், 2005-ல ஃபார்முலா ஒன்ல ஓட்டின முதல் இந்தியர். 2010-ல அடுத்து போனவர் சென்னைப் பையன் கருண் சந்தோக். ‘தல’ அஜித் மட்டும் என்னவாம்? 2025 ஜனவரியில துபாய் 24 மணி நேர ரேஸ்ல அவரோட டீம், தங்கள் பிரிவுல மூணாவது இடம்!

எல்லாரும் ஃபார்முலா ஒன் போக முடியாதுதான். ஆனா, மெரினாவுல ரப்பர் பந்துல ஆடுறவன் எல்லாரும் சேப்பாக்கத்துல ஆடணும்னா ஆடறான்? அந்த மாதிரிதான் இதுவும்.

மெதுவா போனா வேகமா போகலாம்!

என்னடா குழப்புறான்னு பார்க்காதீங்க. ஆட்டோகிராஸ்ல முதல் பாடமே இதுதான். கத்திப்பாரா பாலத்து வளைவுல கொஞ்சம் வேகமா நுழைஞ்ச காரைப் பார்த்திருப்பீங்க. ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் மூக்கு வெளிப்பக்கமாவே இழுக்கும். காரணம், டயர். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுற இடம் ஏறக்குறைய உங்க உள்ளங்கை அளவுதான். அந்த நாலு உள்ளங்கைதான் பிரேக்கும் போடணும், வளையவும் வைக்கணும். ரெண்டு வேலையையும் ஒரே நேரத்துல முழுசா கேட்டா, ‘போடா’ன்னு கையை விரிச்சிடும்.

ஸோ, வளைவுக்கு முன்னாடியே, கார் நேரா இருக்கும்போதே பிரேக். அப்புறம் திருப்பு. வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டர். கண்ணு, பக்கத்துல இருக்கிற கோன்ல இருக்கக் கூடாது. அதுக்கடுத்த கோன்ல இருக்கணும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து காரைச் சுழற்றி புழுதி கிளப்பினா கேலரியில விசில் பறக்கும். கடிகாரம் விசிலடிக்காது பாஸ். சீன் போடறது வேற, டைம் எடுக்கிறது வேற!

இன்னொரு சின்னக் கணக்கு. காய்ஞ்ச தார் ரோட்டுல, நல்ல டயரோட, 40 கிலோமீட்டர் வேகத்துல போற கார் முழு பிரேக்குல நிக்க சுமார் 8 மீட்டர் வேணும். 80-ல போனா 16 மீட்டரா? இல்லை, 32! வேகம் ரெண்டு மடங்கானா தூரம் நாலு மடங்கு. பிளஸ் ஒன் ஃபிசிக்ஸ்லயே இருக்கு. ஆனா, புத்தகத்துல படிச்சப்போ உறைக்காதது, பிரேக்கை அழுத்தியும் கார் வழுக்கிக்கிட்டே போய் கோனைத் தூக்கும்போது பளிச்சுனு உறைக்கும். அந்த இடத்துல கோனுக்குப் பதிலா ஒரு ஸ்கூல் பையன் நின்னிருந்தா? இந்தக் கேள்வி ஒருமுறை மனசுக்குள்ள வந்துட்டா போதும், ரோட்டுல உங்க வலது கால் தானா நிதானமாயிடும்.

கிளம்பும் முன்...

* டிரைவிங் லைசென்ஸ் மட்டும் போதாது. இந்தியாவுல மோட்டார் ஸ்போர்ட்ஸை நிர்வகிக்கிற எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அமைப்போட போட்டி உரிமமும் வேணும். எந்தப் பிரிவு, என்ன பாதுகாப்புக் கருவி வேணும்னு நடத்துற கிளப்புல முன்னாடியே கேட்டுக்கோங்க.

* காரை காலி பண்ணுங்க. தண்ணி பாட்டில், ஜாக்கி, டேஷ்போர்டு பிள்ளையார் எல்லாம் இறங்கணும். பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில போனா கதை கந்தல்!

* பிரேக், டயர், ஆயில் கசிவு, பேட்டரி கட்டு... எல்லாத்தையும் உங்க ஏரியா மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்டிடுங்க. போட்டிக்கு முன்னாடி அதிகாரிகளும் சோதிப்பாங்க. சரியில்லைன்னா நோ என்ட்ரிதான்.

* ஓட்டுறதுக்கு முன்னாடி பாதையை நடந்து பாருங்க. கண்ணை மூடினா ஒவ்வொரு கோனும் தெரியணும்.

* முக்கியமான விஷயம். சாதாரண கார் இன்ஷூரன்ஸ், போட்டியில ஆகற சேதத்துக்குப் பணம் தராது. டயரும் கிளட்ச்சும் தேயும், அது தனிச் செலவு. அதனால, அப்பாகிட்ட சொல்லாம சாவியை எடுக்காதீங்க. அவரையும் கூட்டிட்டுப் போங்க. சோழவரம் காலத்து ஆள்னா உங்களுக்கு முன்னாடி ஸீட்ல உட்கார்ந்திருப்பார்!

வீட்டுல காரே இல்லையா? இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்ஸுக்கு வேற ரூட் இருக்கு. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில நடந்திருக்கிற ‘ஃபார்முலா பாரத்’ போட்டியில, மாணவர்களே டிசைன் பண்ணி, வெல்டிங் அடிச்சுக் கட்டின கார்கள்தான் ஓடும். அதுல ஒரு சுற்றோட பேரே ஆட்டோகிராஸ். மத்த டிபார்ட்மென்ட் மக்கள், ட்ராக்ல கொடி பிடிக்கிற மார்ஷல் வேலைக்கு கிளப்புல விசாரிக்கலாம். ரேஸை அவ்வளவு பக்கத்துல பார்க்க வேற வழியே இல்லை.

ரோட்டுல ரேஸ் விட்டா? 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவுப்படி, முதல் தடவைக்கே மூணு மாசம் வரை ஜெயில் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லைன்னா ரெண்டுமே. ரெண்டாவது தடவைன்னா ஒரு வருஷம் வரை, 10,000 ரூபாய் வரை.

நூறடி ரோட்டுல ஜெயிச்சா, ‘நான்தான் ஃபர்ஸ்ட்டு’ன்னு நீங்களே சொல்லிக்க வேண்டியதுதான். ஆட்டோகிராஸ்ல உங்க பேருக்கு நேரா, தசம புள்ளி வரைக்கும் டைம் எழுதித் தருவாங்க. அடுத்த ரவுண்டுல அதுல அரை வினாடி குறைச்சுப் பாருங்க... அதுதான் மச்சி நிஜமான கெத்து!