உப்புக் காற்றும் வால்வு அம்பும்

மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி பண்ணையின் 30 காற்றாலைகளையும் சுழற்றும் காற்று, உப்பையும் சுமந்துகொண்டுதான் வருகிறது. கதவுக் கொளுக்கி முதல் சைக்கிள் செயின் வரை அது என்ன பாடுபடுத்தும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். கிற்றாரின் ஒலியைப் பெருக்கும், வீட்டில் கட்டிய வால்வு அம்பில் அதே உப்பு செய்யும் வேலை கண்ணில் படாது. அளந்து பார்த்தால்தான் பிடிபடும்.

1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி தொடங்கிய காலத்தில் ஒலிபரப்பு என்றாலே வால்வுதான். பின்னர் வந்த ட்ரான்சிஸ்டர் அதை வானொலிப் பெட்டிகளிலிருந்து விரட்டியது. கிற்றார்காரர்கள் மட்டும் கைவிடவில்லை. ஓங்கி மீட்டும்போது வால்வு ஒலியைச் சட்டென்று வெட்டாது; கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரப்பாக்கும். ஃபெண்டரின் பாஸ்மன் சுற்றை அடியொற்றி லண்டனில் ஜிம் மார்ஷலின் கடை 1962இல் தன் முதல் அம்பைச் செய்தது. இன்று வீட்டில் கட்டுவோர் பலர் எடுப்பதும் அந்தக் குடும்பத்துச் சுற்றுப்படங்களைத்தான்.

வெளியீட்டு வால்வுக்குள் சூடேறிய கதோட்டிலிருந்து இலத்திரன்கள் கிளம்பி, 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கும் அனோட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையில் இருக்கும் நெய்யரி, கட்டுக்கரைக் குளத்துத் துருசு போல, எவ்வளவு போகலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. அதற்குக் கொடுக்கும் எதிர் வோல்ட்டளவுதான் பயாஸ். எதிர் வோல்ட்டளவு கூடினால் கரண்ட் குறையும், ஒலி மெலிந்து வறண்டுபோகும். குறைந்தால் கரண்ட் ஏறும், அனோட்டுத் தகடு சிவந்து வால்வு சாகும்.

புதிதாகக் கட்டிய அம்பை நேரே சுவர்ச் சொக்கற்றில் செருகக்கூடாது. 100 வாட் இழைக் குமிழ் ஒன்றைத் தொடராக வைத்துக் கொடுக்க வேண்டும். எல்ஈடி குமிழ் இதற்கு உதவாது. முதலில் குமிழ் பளிச்சென்று எரியும், வால்வுகளின் இழைகள் சூடேறியதும் மங்கும். மங்காமல் நின்றால் உள்ளே எங்கோ ஷோர்ட். இரண்டு ஈஎல்34 வெளியீட்டு வால்வுகள் உள்ள அம்ப் ஒன்று, ஒரு சுரம்கூட எழுப்பாமல் சும்மா இருக்கையிலேயே ஏறத்தாழ 80 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது 0.35 அம்பியர். இதில் 25 வாட் இழைகளைச் சூடாக்கவே போய்விடுகிறது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸுக்கென்றே சுற்றிய நிலைமாற்றியை, வோல்ட்டளவைச் சரிசெய்த பிறகும் நமது 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் அதன் இரும்பகத்தில் காந்தப் பாயம் 20 வீதம் கூடும். அது சுடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பயாஸை அளக்க, ஒவ்வொரு ஈஎல்34இன் கதோட்டுக்கும் சேசிஸுக்கும் இடையில் 1 ஓம் தடையி ஒன்றைப் பற்றவைத்துவிடுவது நல்லது. அதன் இருமுனையில் பல்மானி காட்டும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மில்லி அம்பியர். கரண்டை அளக்க உயர் வோல்ட்டளவைத் தொட வேண்டியதில்லை. அனோட்டில் 430 வோல்ட் இருக்கிறது என்று வைப்போம். ஈஎல்34 தாங்கும் எல்லை 25 வாட். சும்மா இருக்கையில் அதில் 70 வீதத்தோடு நிறுத்துவோம்: 17.5 வாட். 17.5ஐ 430ஆல் வகுத்தால் ஏறத்தாழ 41 மில்லி அம்பியர். கதோட்டுக் கரண்டில், வால்வின் இரண்டாவது நெய்யரியான திரை நெய்யரியின் பங்கும் சேர்ந்திருப்பதால் பல்மானி சில மில்லிவோல்ட் கூடுதலாகக் காட்டும்.

இனி உப்புக்கு வருவோம். ஈஎல்34 சொக்கற்றில் 4ஆம் முனை திரை நெய்யரி, அதில் 430 வோல்ட். அடுத்தே இருக்கும் 5ஆம் முனை நெய்யரி, அதில் எதிர் 38 வோல்ட். இரண்டுக்கும் இடையில் சில மில்லிமீற்றர்தான். காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் கறியுப்பு நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். சொக்கற்றில் படிந்த உப்புப் படலம் அப்போது மின்கடத்தியாகிவிடும். அந்தப் படலத்தின் தடை 20 மெகா ஓம் என்றே வையுங்கள். சாதாரண மீட்டர் இதைக் கசிவென்றே சொல்லாது. ஆனால் நெய்யரிக்குப் பயாஸைக் கொண்டுவருவது 220 கிலோ ஓம் தடையி. 468 வோல்ட் வித்தியாசம் இந்த இரண்டு தடைகளுக்குள் பிரியும்போது, நெய்யரியில் 5 வோல்ட் தொலைந்துபோகிறது. எதிர் 38 எதிர் 33 ஆகிறது. ஈஎல்34இல் 5 வோல்ட் என்பது 30 மில்லி அம்பியர் அளவுக்கு வித்தியாசம். பகல் வெயிலில் 41 காட்டிய வால்வு, ஈரமான இரவில் 70ஐத் தொட்டு, 25 வாட் எல்லையைத் தாண்டிச் சிவக்கும். பழுது வால்வில் என்று நினைத்துப் புது வால்வு வாங்கிப் போட்டால் அதுவும் சிவக்கும்.

வால்வைக் கழற்றிவிட்டு, 5ஆம் முனையில் எதிர் வோல்ட்டளவு சரியாக வருகிறதா என்று பார்த்தால் குட்டு வெளிப்படும். வால்வு இல்லாமலே அது குறைந்திருந்தால் கசிவை வெளியேதான் தேட வேண்டும்: சொக்கற்றில், அல்லது முன்கட்ட வால்விலிருந்து ஒலியைக் கொண்டுவரும் கொள்ளளவியில். பீங்கான் சொக்கற் போட்டு ஐசோப்ரோப்பைல் மதுசாரத்தால் துடைத்து உலர்த்துவது இங்கே வருடாந்த வேலை. பயாஸைக் கூட்டிக் குறைக்கும் பொட்டும் அரிபடும். அதன் வழுக்கி தொடர்பு விட்டால் பயாஸ் மறைந்துபோகாதபடி ஒரு தடையியைச் சேர்த்தே சுற்றை அமைக்க வேண்டும்.

துடைக்கும் முன் பிளக்கைக் கழற்றினால் மட்டும் போதாது. வடிகட்டிக் கொள்ளளவிகள் 400 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும். அவற்றைத் தடையி வழியாக வடியவிட்டு, பூச்சியம் என்று மீட்டரில் கண்ட பிறகே கை வைக்கலாம். காய்ந்த மணலில் இறக்கிய புவித்தொடுப்புக் கோல் நல்ல தொடுப்புத் தராது. மன்னாரில் இதை மின்தொழிலாளியைக் கொண்டு அளந்து பார்த்துவிட்டே அம்பைத் தொட வேண்டும்.

பயாஸைச் சரிசெய்ததும் 20 நிமிடம் சூடேறவிட்டு மறுபடி அளக்க வேண்டும். வெயில் உச்சியில் ஒரு தடவை, வீதியெங்கும் விளக்கெரிந்து வோல்ட்டளவு இறங்கும் இரவில் இன்னொரு தடவை. இரண்டு எண்களையும் திகதியோடு சேசிஸின் உட்புறத்தில் எழுதிவைத்தால், அடுத்த வருடம் அம்பைத் திறப்பவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க இருக்கும்.