பிய்ந்த அங்கமும் பிழைக்கும் வழியும்

மாவு மில் ஒன்றில் மோட்டாரிலிருந்து செல்லும் பெல்ட் மறைப்பேதுமின்றி ஓடிக்கொண்டிருக்க, தரையில் சிந்திய மாவைக் கூட்டியள்ளுவதற்காக அதன் அருகே குனிகின்ற பெண்ணின் பின்னல் தோளைத் தாண்டி முன்னே சரிந்து, பெல்ட்டுக்கும் புல்லிக்கும் இடையே அகப்பட்டுக்கொள்ளுமாயின், அவள் கூவுவதற்கு முன்பாகவே புருவம் முதல் பிடரி வரையிலும், சில சமயம் ஒரு காதையும் சேர்த்து, தலைத்தோல் முழுவதும் ஒரே துண்டாகப் பிய்ந்து போய்விடுகிறது. மண்டையோட்டைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுக்கும் மேலேயுள்ள தடித்த தோலுக்கும் நடுவில் தளர்ந்த படலம் ஒன்று இருப்பதும், பலமான இழுப்பு அந்தப் படலத்தோடு தோலைக் கழற்றிவிடுவதுமே இதற்குக் காரணம்.

இவ்வகைக் காயத்தை வைத்தியர்கள் அவல்ஷன் என்பர். இரும்புக் கேட்டைப் பற்றிக் குதிக்கும்போது மோதிரம் கம்பியில் மாட்டி விரலின் தோலை உரித்துக்கொண்டு போவதும், பஸ்ஸின் சக்கரம் காலின்மீது ஏறி இறங்கித் தோலையும் தசையையும் வெவ்வேறாகப் பிரித்துவிடுவதும், கீழே விழுந்த சிறுவனின் பல் வேரோடு வந்துவிடுவதும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. சக்கரம் ஏறிய காலில் மேல்தோல் சில வேளை கிழியாமலே இருந்து, பார்ப்பவரை ஏமாற்றிவிடும். உள்ளே ரத்த ஓட்டம் அறுபட்ட அந்தத் தோல் சில தினங்களில் கறுத்து மடிந்துபோகும். ஆகவே, வெளிக்காயமில்லை என்று சொல்லி வீட்டுக்குத் திரும்பிவிடுவது பேராபத்து.

கத்தியால் துண்டான விரலைக் காட்டிலும் பிய்ந்துபோன விரலைப் பொருத்துவது ஏன் கடினமென்றால், வெட்டில் ரத்தக்குழாய் ஓரிடத்தில் மட்டும் அறுபடுகிறது. இழுப்பிலோ அது நீண்டு, உட்சுவர் நெடுந்தூரம் சிதைந்த பின்னரே அறுகிறது. சிதைந்த பகுதியைக் கத்தரித்து நீக்கிவிட்டு, நோயாளியின் முன்கையிலோ பாதத்திலோ இருந்து எடுத்த சிரையை இடையில் ஒட்டு வைத்து, நுண்ணோக்கியின் கீழ் தலைமயிரினும் மெல்லிய நூலால் தைத்தாக வேண்டும். 1962-இல் பாஸ்டன் நகரில் 12 வயதுச் சிறுவன் ஒருவனது முழுக்கையை மீண்டும் பொருத்திக் காட்டியபோது உலகம் வியந்தது. பிய்ந்த தலைத்தோலை நுண்ணறுவையால் மீண்டும் உயிர்ப்பித்த முதல் சிகிச்சை 1976-இல் வெளியாயிற்று. நெற்றிப்பொட்டில் ஓடும் தமனி ஒன்றையும் சிரை ஒன்றையும் இணைத்தாலே, பல சமயங்களில் தலைத்தோல் முழுவதும் பிழைத்து, கூந்தலும் வளர்ந்துவிடுகிறது என்பது இத்துறையின் அதிசயங்களுள் ஒன்று. நம் நாட்டிலும், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை சிகிச்சைப் பிரிவு போன்ற இடங்களில் இத்தகைய சிகிச்சை நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது.

ஆனால் வைத்தியரின் திறமை பலிப்பது, அங்கம் அவரிடம் எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தது. யந்திரத்தில் கூந்தலோ கையோ சிக்கினால், இழுத்து விடுவிக்க முயலாமல் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். காயத்தின்மீது சுத்தமான துணியை மடித்து வைத்து, இடைவிடாமல் அழுத்திப் பிடியுங்கள். தலைக்காயத்தில் ரத்தம் தானாக நிற்பது அரிது. மஞ்சள்தூள், காப்பிப்பொடி எதுவும் அப்ப வேண்டாம். பிய்ந்த பகுதியைத் தேடி எடுத்து, உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு வாயை இறுகக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த தண்ணீருள்ள இன்னொரு பாத்திரத்தில் வையுங்கள். பனிக்கட்டியின்மீது நேராக வைத்தால் அங்கம் உறைந்து கெட்டுவிடும். குளிர்ச்சியிலுள்ள விரலை ஒரு நாள் வரையிலும் பொருத்த முயலலாம். தசை மிகுந்த கையோ காலோ குளிர்விக்கப்படாவிடில் சுமார் 6 மணி நேரத்தில் பயனற்றுப்போகும். நிரந்தரப் பல்லாயின், வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்து, பாலிலிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் வைத்தியரிடம் கொண்டுசெல்லவேண்டும்.

பிய்ந்த தலைத்தோலைப் பொருத்த இயலாதவிடத்தும் வழியில்லாமல் இல்லை. எலும்பின்மீது சவ்வு எஞ்சியிருந்தால் தொடையிலிருந்து எடுத்த தோலை ஒட்டுகிறார்கள். எலும்பே வெளிப்பட்டிருந்தால், முதுகுத் தசையை ரத்தக்குழாயோடு கொண்டுவந்து மூடி, அதன்மேல் தோல் ஒட்டுகிறார்கள். அங்கே முடி வளராது என்பது தீராத குறை.

இனி உரிமையைப் பற்றிச் சொல்லவேண்டும். ‘பெண் பின்னலைக் கட்டாமல் வந்தாள்’ என்பதே இத்தகைய சம்பவங்களில் முதலாளிகள் உடனே கூறும் சமாதானம். அதை ஊரும் நம்பிவிடுகிறது. குற்றம் பின்னலுடையதன்று, மூடியில்லாத பெல்ட்டினுடையது. யந்திரத்தின் ஓடும் பாகங்களுக்கு வேலி அமைப்பது உரிமையாளரின் கடமை என்பதை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே வலியுறுத்தியது. 1923 முதலாகவே வேலைவிபத்துக்கு இழப்பீடு உண்டு. தொழிலாளியின் சாதாரணக் கவனக்குறைவு அதை மறுக்கப் போதிய காரணமாகாது. ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தவராயின், வேலைக்கு வந்த முதல் நாளில் விபத்து நேர்ந்தாலும் சிகிச்சையும் உதவித்தொகையும் பெறலாம். மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் சேலை சிக்காதபடி பாதுகாப்புத் தட்டு இருக்கவேண்டுமென்பதும் வெறும் அறிவுரையல்ல, மோட்டார் வாகன விதிகளில் உள்ளதே. 1989-இல் உச்சநீதிமன்றம், விபத்துக்குள்ளானவரைப் போலீசு வரும்வரை காக்கவைக்காமல் உடனே கவனிப்பது எல்லா வைத்தியருக்கும் கடமை என்று தீர்ப்பளித்தது. ஆதலால் முன்பணம் கட்டச் சொல்லித் தாமதிப்பவரிடம் அதை எடுத்துச் சொல்லத் தயங்கவேண்டாம்.

ஒன்றில் மட்டும் விழிப்பாயிருங்கள். ஆஸ்பத்திரியில், ‘வீட்டில் தவறி விழுந்ததாகச் சொல்லிவிடு, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று முதலாளி நயமாகக் கூறினால், அதற்கு இணங்காதீர்கள். விபத்துப் பதிவேட்டில் எழுதப்படும் அந்த ஒரு வரியே பின்னர் வழக்கின் அஸ்திவாரமாகும். வேலையிடத்தில், இன்ன யந்திரத்தில், இன்ன நேரத்தில் நேர்ந்தது என்றே உள்ளபடி எழுதச் செய்து, அதன் நகலை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு ஆண்டுகள் கழிவதற்குள் தொழிலாளர் துறையில் விண்ணப்பியுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி வக்கீல் உதவி தருவதற்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்னும் எண்ணில் கேட்கலாம்.