வீட்டுக் கதவும் உள்ளூர்த் தச்சரும்

பொழுது புலருமுன் பெரட்டுக்குப் புறப்படும் குடும்பங்களில், கணவனும் மனைவியும் காட்டில் இருக்கும் வேளையில் வீட்டைக் காத்து நிற்பது கதவு ஒன்றே. அதன் தாழ்ப்பாள் சரியாக விழவில்லையென்றால், உளியைப் பிடித்த கைக்கு வேலை ஓடுவதில்லை. ஆயினும் கதவு கெட்டவுடன் நம்மவர் பலர் செய்வது என்ன? யாரோ சொன்ன ஒருவரை அழைத்து, அவர் கேட்ட முன்பணத்தைக் கொடுத்துவிட்டு, எப்போது வருவாரோ என்று வழிபார்த்துக் கொண்டிருப்பதேயாகும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் கதவு யாருடையது என்பது. தோட்ட நிர்வாகம் கொடுத்த வீட்டில் குடியிருப்போர் தம் கைப்பணத்தைச் செலவிடுமுன் சற்று நிதானிக்க வேண்டும். தொழிலாளர் குடியிருப்புகள் குறித்த 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், வீடுகளைப் பழுதின்றி வைத்திருக்கும் பொறுப்பை முதலாளி மீதே சுமத்தியுள்ளது. எனவே கதவு பழுதானால் அலுவலகத்தில் கிராணியிடம் எழுத்து மூலம் தெரிவித்து, தேதியிட்ட படி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வதே முறையாகும். அனுமதியின்றிச் சுவரை இடித்து வாயிலை அகலப்படுத்துவதும் அதே சட்டத்திற்கு ஒவ்வாதது. சொந்த வீடு வாங்கிக் குடியேறியவர்களுக்கே இனி நாம் கூறப்போவது பெரும்பாலும் பொருந்தும்.

ஆளை அழைக்குமுன் கதவை நாமே ஒருமுறை சோதித்துப் பார்த்தல் நலம். கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள். அது ஆடினால் மேற்கீல் தளர்ந்துவிட்டது என்று பொருள். அத்தகைய கதவு பூட்டுப் பக்கம் தாழ்ந்து, அடிமூலை தரையில் உரசும். இதற்குப் புதுக் கதவு தேவையில்லை. திருகாணியைக் கழற்றி, துளையில் கடின மரச் சிம்பைப் பசையிட்டு அடித்து, இன்னும் நீளமான திருகாணியை முடுக்கினால் போதும். இது அரை மணி நேர வேலை. இதற்கும் கதவையே மாற்றச் சொல்பவரிடம் வேறு வேலை எதையும் ஒப்படைக்காதிருப்பது நன்று.

அடிமூலை மட்டுமல்லாமல் பூட்டுப் பக்கத்து விளிம்பு முழுதும் நிலையில் உரசினால், அது பெரும்பாலும் மழை செய்த வேலை. மரம் ஈரத்தை உண்டு அகலவாக்கில் பருக்கும். நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இறுகிய கதவை அப்போதே இழைப்புளியால் சீவிவிட்டால், வெயில் வந்தபின் அது சுருங்கி, விரல் நுழையும் இடைவெளி விட்டு நிற்கும். பால்மரத்தில் ஆழமாகச் சீவிய பட்டையைத் திரும்ப ஒட்ட முடியுமா? கதவும் அவ்வாறே. உலர்ந்த காலம் வரை பொறுத்திருந்து, பிறகும் உரசினால் மட்டும் சீவி, சீவிய இடத்தில் உடனே சாயம் பூச வேண்டும். கதவின் மேல் விளிம்பிலும் அடி விளிம்பிலும் சாயம் பூசாமல் விடும் தச்சர்கள் உண்டு. கண்ணில் படாத அவ்விரண்டு இடங்களின் வழியாகத்தான் ஈரம் மிகுதியாக உள்ளே புகுகிறது.

மரத்தைப் பற்றியும் ஒரு சொல். செங்கால் மரம் மழையையும் கறையானையும் நெடுங்காலம் தாங்கக்கூடியது; ஆனால் விலை மிக்கது. உள்ளறைக் கதவுகளுக்கு மெராந்தி போதும். உள்ளே கூடாக உள்ள பிளைவுட் கதவு மலிவாகக் கிடைக்கும் என்பதற்காக அதைச் சாரல் அடிக்கும் பின்வாசலில் மாட்டினால், விரைவில் உப்பி உரிந்துவிடும். குளியலறைக்குப் பிவிசி கதவே உகந்தது. இனி ரப்பர் மரம்: பால் வற்றியபின் வெட்டப்படும் இம்மரம் இன்று நல்ல மேசை நாற்காலிகளாகி வெளிநாடுகளுக்கும் செல்வது நமக்குப் பெருமையே. எனினும் போரான் மருந்தேற்றாத ரப்பர் மரத்தைப் பூஞ்சணமும் வண்டும் எளிதில் அரித்துவிடும். மருந்தேற்றினாலும் அது வீட்டினுள் பயன்படுத்தத்தக்க மரமேயன்றி, மழை படும் வாசலுக்கு ஏற்றதன்று.

யாரை அழைப்பது? நம் ஊரிலோ அண்டைப் பட்டணத்திலோ வேலை செய்யும் தச்சரையே நாம் விரும்புகிறோம். அவர் மலிவாகச் செய்வார் என்பதற்காக அன்று. அவர் முன்பு மாட்டிய கதவை நாம் நேரில் போய்ப் பார்க்கலாம் என்பதே காரணம். நேற்று மாட்டிய கதவு எல்லாருக்கும் அழகாகத்தான் இருக்கும். ஒரு மழைக்காலத்தைக் கண்ட கதவைக் காட்டச் சொல்லுங்கள். அதைப் பாதி திறந்து கையை விடுங்கள். தானாக மூடிக்கொண்டாலும், தானாகத் திறந்துகொண்டாலும், நிலை தூக்குக்குண்டுக்கு நேராக நிற்கவில்லை என்பதை அறியலாம். மூடிய கதவுக்கும் நிலைக்கும் இடையில் மேலும் பக்கவாட்டிலும் ஏறக்குறைய இரண்டு 50 காசு நாணயங்களைச் சேர்த்துச் செருகும் அளவே இடைவெளி இருக்க வேண்டும். முழுப்பலகைக் கதவாயின் மூன்று கீல்கள் தேவை. இரண்டு போதும் என்பவர் உங்கள் செலவைக் குறைப்பதுபோல் தோன்றினாலும் தம் வேலையையே குறைத்துக்கொள்கிறார்.

நிலைக்காலையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மண்கோடு ஓடியிருந்தாலோ, வெற்றொலி கேட்டாலோ கறையான் உள்ளே இருக்கிறது. அரித்த நிலையில் புதுக் கதவை மாட்டுவது பணத்தைக் கறையானுக்கே படைப்பதாகும்.

பண விவகாரத்தில்தான் நம் மக்கள் மிகுதியும் ஏமாறுகின்றனர். நாம் அறிந்த ஒரு குடும்பத்தினர், மரத்திற்கும் கூலிக்கும் சேர்த்துப் பேசிய தொகையில் பெரும்பகுதியை முன்னதாகவே கொடுத்துவிட்டனர். பழைய கதவைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவர் பல நாள் வரவில்லை. வாசலில் தகரத்தைச் சாய்த்து வைத்து, வயதான தாயாரைக் காவலுக்கு இருத்திவிட்டு அவர்கள் வேலைக்குச் சென்றனர். அவரைப் பற்றிக் கேட்டால் அவர்களிடம் இருந்தது ஒரு கைப்பேசி எண் மட்டுமே; அதுவும் அணைந்து கிடந்தது.

இதற்கு நாம் கண்ட வழி எளியது. பொருளையும் கூலியையும் பிரித்துவிடுங்கள். தச்சருடன் கடைக்குச் சென்று கதவு, கீல், பூட்டு ஆகியவற்றை நீங்களே வாங்கி, ரசீதை உங்கள் பெயரில் பெறுங்கள். கூலியை வேலை முடிந்து, கதவைத் திறந்து மூடிப் பார்த்தபின் கொடுங்கள். புதுக் கதவு வீட்டிற்கு வந்து சேருமுன் பழையதைக் கழற்ற விடாதீர்கள். புதுப்பூட்டின் சாவிகள் எத்தனை என்று எண்ணி, எல்லாவற்றையும் அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளையின் பயிற்சி ஏட்டுத் தாளாயினும் சரி, அதில் தச்சரின் பெயர், அடையாள அட்டை எண், செய்ய வேண்டிய வேலை, கூலி, முடிக்கும் நாள் ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். தெரிந்தவரிடம் எழுதி வாங்குவது மரியாதைக் குறைவு என்று சிலர் கூசுகின்றனர். நல்ல தச்சருக்கும் அந்தத் தாள் பாதுகாப்பே. பேசாத வேலையைச் செய்யச் சொல்லி அவரை வருத்துவோரும் நம்மிடையே உள்ளனர் அல்லவா?

இவ்வளவுக்குப் பின்னும் தகராறு எழுந்தால் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயத்தை நாடலாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கூலிக்குச் செய்யும் வேலை தக்க கவனத்துடனும் திறமையுடனும் செய்யப்பட வேண்டும். முடிக்கும் நாள் பேசப்படாவிட்டால் நியாயமான காலத்திற்குள் முடிக்க வேண்டும். கூலி பேசப்படாவிட்டால் நியாயமான கூலிக்கு மேல் கொடுக்கக் கடமையில்லை. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை மூன்றாண்டுகளுக்குள் அங்கே பதியலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் இல்லாமல் இரு தரப்பாரும் தாமே தம் வழக்கை எடுத்துரைப்பர். அங்கே முதலில் கேட்கப்படுவது நீங்கள் கையொப்பமிட்ட தாளும் கடை ரசீதும்தான். அவற்றைச் சம்பளச் சீட்டுகளோடு ஒரே உறையில் போட்டு, ஈரம் படாத இடத்தில் வைத்திருங்கள்.