மடிக்குள் நடக்கும் வரவு செலவு

பால் குறைந்தவுடன் பிண்ணாக்கை அதிகமாக வைப்பது குடியானவர்களில் அநேகரிடம் உள்ள வழக்கம். சில சமயம் பால் கூடுவதுண்டு. பல சமயம் பணம் செலவாவதே மிச்சம். காரணம் மடிக்குள் இருக்கிறது.

ஒரு லிட்டர் பால் உண்டாவதற்குச் சுமார் 500 லிட்டர் இரத்தம் மடியின் வழியே ஓடவேண்டும். அவ்விரத்தத்திலிருந்து மடியானது அமினோ அமிலங்களை எடுத்துக் கோத்து, பாலின் புரதத்தை ஆக்குகின்றது. இப்புரதத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கேஸீன். மெதியோனின், ஹிஸ்டிடின் ஆகிய அமினோ அமிலங்களை மடி எவ்வளவு எடுக்கிறதோ ஏறத்தாழ அவ்வளவே பாலில் வெளிவரும். லைசின், லியூசின், வாலின் ஆகியவற்றையோ வேண்டியதற்கு அதிகமாகவே எடுத்து, மிகுதியைச் சிதைத்து வேறு அமினோ அமிலங்களை ஆக்குவதற்கும் பயன்படுத்திக்கொள்ளும்.

பல பலகைகள் சேர்ந்த பீப்பாயில் எந்தப் பலகை குட்டையோ அதுவரையில்தான் நீர் நிற்கும். அவ்வாறே, மிகக் குறைவாயுள்ள அமினோ அமிலத்தின் அளவுக்கே பாலின் புரதமும் அமையும் என்று வெகுகாலம் கருதப்பட்டது. மடி அவ்வளவு சாதுவானதன்று. பெக்வெட், ஹானிகன் முதலியோர் வெள்ளாடுகளில் நடத்தி 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனையில், இரத்தத்தில் ஹிஸ்டிடின் மிகவும் குறைந்தபோது மடிக்கு ஓடும் இரத்தம் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடிற்று. ஹிஸ்டிடினை இழுத்துக்கொள்ளும் சக்தியும் பன்மடங்காயிற்று. மற்ற அமினோ அமிலங்களை இழுக்கும் சக்தி மட்டும் குறைந்தது. அதாவது, எது தட்டுப்பாடோ அதையே மடி தேடி எடுக்கின்றது.

இத்தகைய சோதனைகளைக்கொண்டு மடியின் வரவு செலவைச் சமன்பாடுகளால் கணிக்கலாயினர். அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தார் 2021-இல் வெளியிட்ட கறவை மாட்டுத் தீவன நூலின் எட்டாம் பதிப்பு, பீப்பாய்க் கணக்கை விடுத்து, ஹிஸ்டிடின், ஐசோலியூசின், லியூசின், லைசின், மெதியோனின் ஆகிய ஐந்தையும் தீவனத்தின் எரிசக்தியையும் சேர்த்தே கணக்கிடுகின்றது. ஒன்றின் குறைவை மற்றொன்று ஓரளவு ஈடுசெய்யும் என்பதே இதன் கருத்து.

குடியானவருக்கு முக்கியமானது அந்த எரிசக்தியே. அது போதாதவிடத்து, பிண்ணாக்கின் புரதத்தில் பெரும்பகுதி ஈரலில் யூரியாவாகிச் சிறுநீரில் கழிந்துவிடும். நல்ல தீவனத்திலும் நைட்ரஜனில் நூற்றுக்கு 25 முதல் 30 பங்கே பாலுக்குச் சேருவது வழக்கம். கடலைப் பிண்ணாக்கில் புரதம் மிகுதி. ஆயினும் லைசினும் மெதியோனினும் குறைவு. தானியமும் இளம் பசுந்தீவனமும் கூடினால், முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் பெருகும். அவற்றின் உடற்புரதம் லைசின் நிறைந்தது. பிண்ணாக்கைப் போல் விலைகொடுத்து வாங்கவேண்டியதுமன்று.

பாலில் யூரியா என்றவுடன் கலப்படம் என்று கொள்ளலாகாது. சிறிதளவு இயல்பாகவே உண்டு. தம் மாட்டின் கலப்பற்ற பாலில் அது மிகுந்து காணின், பிண்ணாக்கைக் கூட்டாது, தானியத்தையும் பசுந்தீவனத்தையும் முதலில் கவனிப்பது உசிதம்.