வாய்ப்புற்றும் நொதிகளும்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங், சிகாமட், லாபிஸ் முதலிய வட்டாரங்களில் தோட்டத் தொழிலுக்கென வந்து குடியேறிய தமிழர், தாயகத்திலிருந்து கொணர்ந்த பழக்கங்களுள் வெற்றிலை போடுதலும் ஒன்று. மங்கல வினைகளில் தாம்பூலமாகவும், பால்மரக் காட்டில் களைப்பு நீக்கும் துணையாகவும் அது விளங்கியது. ஆயினும், 1993-94 ஆம் ஆண்டுகளில் மலேசியா முழுவதும் நடந்த வாய்நோய்க் கணக்கெடுப்பில், வெற்றிலைப் பழக்கத்தால் வாயில் தோன்றும் கேடுகள் இந்தியரிடையிலும் சபா, சரவாக் பழங்குடியினரிடையிலும் மிகுந்து காணப்பட்டன. புகையிலை கலவாத வெற்றிலைப் பாக்கும் புற்றை விளைக்கும் என்பதைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் வெளியிட்ட நூல் உறுதிசெய்தது.

வாய்ப்புற்று வந்தோர் அனைவர்க்கும் முடிவு ஒன்றாய் அமைவதில்லை. ஒரே அளவுடைய கட்டி இருவர்க்கு இருப்பினும், ஒருவர் நலம் பெறுகிறார். மற்றவர்க்கு நோய் கழுத்துக்குப் பரவுகிறது. இவ்வேறுபாட்டை முன்கூட்டியே அறிய வழியுண்டா? இவ்வினாவுக்கு விடை தேடிய அறிஞர்கள் நொதிகளை ஆராயலாயினர்.

உயிர்களின் உடலில் வேதி மாற்றங்களை விரைவுபடுத்தும் பொருள்களே நொதிகள். ஆங்கிலத்தில் என்சைம் எனப்படுபவை. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது உமிழ்நீரிலுள்ள நொதியின் செயலே. உடலின் கட்டுமான நாராகிய கொலாஜனையும் சிதைக்கும் நொதிகள் உள்ளன. தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் மறைவது எவ்வாறு என ஆராய்ந்த ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாப்பியேர் என்னும் இருவர், 1962 இல் இத்தகைய நொதியைக் கண்டறிந்தனர். துத்தநாகத்தின் துணைகொண்டு இயங்கும் இவ்வினத்தில், மனித உடலில் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட நொதிகள் உள்ளன.

வெட்டுக்கருவிக்கு உறைபோல், இவற்றை அடக்கும் தடுப்பான்கள் நான்கும் உடலிலேயே உண்டு. இரண்டும் சமநிலையில் நின்றால் புண் ஆறும், தசை சீர்ப்படும். சமநிலை குலைந்தால் கேடு தொடங்கும்.

பாக்கு இச்சமநிலையை முதலில் ஒரு பக்கம் சாய்க்கிறது. அதிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருள் கொலாஜன் ஆக்கத்தைத் தூண்டுகிறது. தடுப்பானை மிகுவித்துச் சிதைவைக் குறைக்கிறது. நார் திரண்டு கன்னம் இறுகி, வாய் திறப்பதே அரிதாகிறது. 1952 இல் சுவார்ட்ஸ் என்பவர், கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் கண்டு எழுதிய நோய் இதுவே. இந்நோய் சிலர்க்குப் புற்றாக மாறும். அப்போது தராசு மறுபக்கம் சாய்கிறது. சிதைக்கும் நொதிகள் மிகுந்து, வாயின் மேற்படலத்துக்கு அடியிலுள்ள மெல்லிய எல்லைத் திரையை அரிக்கின்றன. அத்திரை கிழிந்த வழியே புற்றணுக்கள் நிணநீர்க் கணுக்களை அடைகின்றன. ஆதலின், இந்நொதிகளுள் இரண்டாம் எண்ணும் ஒன்பதாம் எண்ணும் பெற்றவை கட்டியில் மிகுந்திருப்பின், நோய் பரவும் தன்மையுடையது என ஆய்வுகள் பலவற்றில் கருதப்பட்டது.

அங்ஙனமாயின், தடுப்பான் மிகுந்தால் நன்மை என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. முதல் தடுப்பான் உயிரணுக்களின் வளர்ச்சியையும் தூண்டவல்லது. அது மிகுந்த நோயாளர் சிலர்க்கு முடிவு தீதாகவே அமைந்தது. நொதிகளை அடக்கப் படைத்த மாரிமாஸ்டாட் என்னும் மருந்தும் 1990களின் சோதனைகளில் எதிர்பார்த்த பயன் தரவில்லை, மூட்டுவலியையே தந்தது. ஆகவே, இக்குறிகள் இன்னும் ஆய்வுக்கூடத்தைக் கடந்து அன்றாட மருத்துவத்துக்கு வரவில்லை.

இன்றும் மருத்துவர் முதன்மையாக நம்பும் குறிகள் கட்டியின் அளவும் ஆழமும், கழுத்துக் கணுவில் நோய் உண்டா என்பதுமே. கணுவை எட்டுமுன் கண்டால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரு வாரம் கடந்தும் ஆறாத புண், வாய் திறப்பதில் இறுக்கம் ஆகியவற்றைக் கண்ணாடி முன் நின்று எவரும் காணலாம். அவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே பல் மருத்துவரை நாடுதல் வேண்டும். பாக்கை விடுதல் அதனினும் முந்திய காப்பாகும்.