உடம்பு பிடித்துவிட்ட மறுநாள்...

"வலிச்சாதாம்மா நோவு விட்டுப் போவும். பல்லைக் கடிச்சுக்கோ!"

எங்கள் கலவைப் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு பிடித்துவிட வரும் ஆயாமார்கள் வழக்கமாகச் சொல்வது இது. விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி, கட்டை விரலால் இடுப்பில் ஓர் அழுத்து அழுத்தினால், 'பிரசவ வலியே தேவலை' என்று தோன்றிவிடும். மறுநாள் எழுந்தால் தொட்ட இடமெல்லாம் நோகும். "கெட்ட நீர் இறங்குது, அதான்" என்று சமாதானம் வேறு!

ஆயாவின் கையை நான் குறை சொல்ல வரவில்லை. களைத்த உடம்புக்கு இதமான கை எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனால் எந்த வலியைப் பொறுக்கலாம், எந்த வலிக்கு 'நிறுத்து' என்று சொல்ல வேண்டும் என்று நமக்குத் தெரிய வேண்டாமா?

பிடித்துவிடும்போதே வரும் வலியை மூச்சை வைத்துக் கண்டுகொள்ளலாம். நோகிறது, ஆனாலும் 'அங்கேதான், இன்னும் கொஞ்சம்' என்று சொல்லத் தோன்றுகிறது, மூச்சும் சீராக வருகிறது என்றால் சரியான அழுத்தம்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கால் விரலை மடக்கி, கையை இறுக்கினீர்களானால் சதை எதிர்த்து நிற்கிறது என்று அர்த்தம். அதன்மேல் இன்னும் அழுத்தினால் கன்றிப் போவதுதான் மிச்சம். சுரீரென்று மின்சாரம் பாய்ந்தது போல ஓடினாலோ, மரத்துப் போனாலோ நரம்பு அகப்பட்டுக்கொண்டிருக்கிறது. உடனே கையை எடுக்கச் சொல்லுங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் நாள் முழுக்கக் குனிந்து மிஷின் தைக்கும் பெண்கள் கழுத்தும் தோளும் பிடித்துவிடச் சொல்வார்கள். கழுத்தின் முன்பக்கத்தை மட்டும் யாரும் அழுத்த விடக்கூடாது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அங்கேதான் இருக்கிறது.

மறுநாள் நோவு ஏன்? பழக்கமில்லாத வேலை செய்த சதை ஒரு நாள் கழித்து வலிப்பதை அமெரிக்காவில் தியோடர் ஹஃப் என்பவர் 1902-லேயே ஆராய்ந்து, சதை இழைகளில் நுண்ணிய கிழிசல் உண்டாவதாக எழுதினார். பலமாகப் பிசைந்த சதையும் ஏறக்குறைய இப்படித்தான் நோகிறது. லாக்டிக் அமிலம் தேங்குவதால் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேலை நின்று ஒரு மணி நேரத்துக்குள் அது வடிந்துவிடுகிறதே! கெட்ட நீர் இறங்குவதற்கும் ஆதாரம் கிடையாது.

இந்த நோவு ஒன்றிரண்டு நாளில், மிஞ்சினால் மூன்று நாளில் தணிந்துவிடும். வெந்நீர்க் குளியலும் வீட்டுக்குள்ளேயே நடமாட்டமும் போதும். நோவு இருக்கும்போதே மறுபடி பிடித்துவிடச் சொல்லாதீர்கள். நாளுக்கு நாள் ஏறினாலும், கை கால் பலம் குறைந்தாலும், சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனாலும் டாக்டரிடம் போக வேண்டும். சதை அதிகமாகச் சிதைந்தால் சிறுநீரகம் வரைக்கும் பாதிக்கும். இது அபூர்வம்தான்.

அபூர்வம் என்று தள்ளிவிட முடியாத ஒன்று உண்டு: கெண்டைக்கால் வலி. பிரசவத்தில் ரத்தப்போக்கு கட்டுக்கு மீறாதிருக்க, கர்ப்ப காலத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும்படி இயற்கையே ஏற்பாடு செய்திருக்கிறது. பிள்ளை பெற்ற பிறகும் சில வாரங்களுக்கு, முக்கியமாக முதல் ஆறு வாரம், அந்தக் குணம் இருக்கும். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும், எழுந்து நடக்காமல் படுத்தே இருப்பவர்களுக்கும் காலின் உள் ரத்தக் குழாயில் கட்டி உறைந்துவிடும் அபாயம் கூடுதல். இரண்டு காலும் லேசாக வீங்குவது சாதாரணம். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து, கெண்டைச்சதை வலித்தால் கதையே வேறு. "எண்ணெய் தேய்ச்சு உருவிவிட்டா சரியாப் போவும்" என்று மாமியார் சொன்னாலும் வேண்டாம்! உருவும்போது அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே போட்டுக்கொள்ளக்கூடிய ஊசி மருந்து இருக்கிறது. திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

சிசேரியன் ஆனவர்கள் தையல் நன்றாக ஆறி, டாக்டர் சரி என்கிற வரைக்கும் வயிற்றைத் தொடவிட வேண்டாம். முதுகும் தோளும் மெதுவாகப் பிடித்துவிடலாம். ஆயா எண்ணெயைச் சூடு பண்ணும்போதே, "தையல் இங்கே இருக்கு ஆயா, இந்தக் கால் வலிக்குது, இன்ன மாத்திரை சாப்பிடறேன்" என்று சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரண அழுத்தத்திலேயே கன்றிவிடும்.